டப்பாவுக்கு ஏழு

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் நலமாக இல்லை. நீங்களாவது நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். முழங்கால் வலிக்கு ஓய்வு எடுக்க உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் தங்கை நலம் என்று நேற்று போனில் அவளே சொன்னாள். குரலில் இருந்த தெம்பைப் பார்த்தால் இன்னும் ஐம்பது வருஷத்துக்கு என்னைத் திட்டும் அளவுக்கு நலம் என்று தெரிகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் போனை எடுப்பதே அவள்தானே. அதனால் இதை ஐந்து மணி வண்டியின் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் கண்டக்டராக இருந்த காலத்தில் என்னிடம் வேலை கற்றவர்; உங்கள் கையில் மட்டும்தான் கொடுப்பார். கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்கள் தங்கையிடம் மூச்சு விட வேண்டாம்.

விஷயம் இதுதான். உங்கள் மருமகள், அதாவது என் பெண், இரண்டு வருஷமாகப் பாடுபட்ட ஆராய்ச்சியை நான் நேற்று மத்தியானம் பத்தே நிமிஷத்தில் கலைத்துவிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வெளியூர் போயிருக்கிறாள். நாளைக் காலையில் வருகிறாள்.

அவள் லேபில் உதவிக்கு இருப்பவர் லீவில் போய்விட்டார். அதனால் பெரிய பேராசிரியை அம்மாவிடம் அனுமதி வாங்கி, மூன்று நாளைக்கு என்னை அங்கே உட்கார வைத்தாள். "அப்பா, எண்ணுறதுல உங்கள மிஞ்ச ஆள் கிடையாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ணுங்க. செத்தத இடுக்கியால எடுத்து சிவப்பு வாளியில போடுங்க. கையுறையக் கழட்டாதீங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க. வேற ஒண்ணும்னா ஒண்ணும்தான், கேட்டுச்சா?" என்றாள். கேட்டது மச்சான். காது நன்றாகத்தான் இருக்கிறது. கைதான் பிரச்சினை.

எண்ண வேண்டியது புழுக்களை. தேன்கூட்டு மெழுகைத் தின்னும் ஒரு பூச்சியின் புழு. சுண்டுவிரலில் பாதி இருக்கும், பால் நிறம். மூன்று டப்பா, டப்பாவுக்குப் பத்து. முதல் டப்பாவில் உள்ளவர்களுக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. இரண்டாவதில் ஒரு பாக்டீரியா. மூன்றாவதிலும் அதே பாக்டீரியாதான், ஆனால் அதன் ஒரு தந்திரத்தை மட்டும் பிடுங்கிவிட்டு ஊசி போட்டது. மனிதருக்கு ஒன்றும் செய்யாதாம், பூச்சிகளுக்குத்தான் எமன். பூச்சியின் உடம்பிலும் காவல் உண்டாம். கிருமி நுழைந்தால் அதன் தோலைக் குத்திக் கிழிக்க ஆயுதம் சுரக்குமாம். கிருமியைச் சுற்றிக் கறுப்பாக எதையோ கொட்டி மூடிவிடுமாம். ஆனால் கிருமி சும்மா இருக்குமா? ஒன்று ஆயுதம் இறங்காதபடி தோலை மாற்றிக்கொள்கிறதாம், இன்னொன்று ஆயுதத்தையே வெட்டிப் போடுகிறதாம், நம் பெண் பிடித்து வைத்திருக்கும் கிருமி அந்தக் கறுப்பே சுரக்காமல் அடக்கிவிடுகிறதாம். மூன்றாம் டப்பாவில் பிடுங்கியது இந்தத் தந்திரத்தைத்தான். எட்டாவதோடு நின்ற எனக்கு இதெல்லாம் எங்கே ஏறும்? பஸ்ஸில் ஏற்றித்தான் புரிந்துகொண்டேன். ஒருவன் செக்கரைப் பார்த்ததும் சட்டையை மாற்றுகிறான், ஒருவன் செக்கர் கையிலிருப்பதைப் பிடுங்குகிறான், நம் ஆளோ ஏறினவுடன் பெல் கயிற்றை அறுத்துவிடுகிறான். இனி நான் எவ்வளவு இழுத்தாலும் டிரைவருக்குக் கேட்காது. "அதேதாம்ப்பா!" என்று அவள் சிரித்தாள். எனக்கு முனைவர் பட்டமே கிடைத்தது போல இருந்தது.

முதல் நாள் மூன்றாம் டப்பா முழுக்கக் கறுத்துவிட்டது. இரண்டாம் டப்பா மட்டும் பால் மாதிரி அப்படியே இருந்தது. "மூணாவது டப்பா போச்சும்மா, ரெண்டாவது பிரமாதமா இருக்கு" என்று போனில் சொன்னேன். "அவசரப்படாதீங்க. கறுத்தா சண்டை போடுதுன்னு அர்த்தம்" என்றாள். மறுநாள் காலை வந்து பார்த்தால் இரண்டாம் டப்பாவில் ஐந்து பேர் காலி. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு. கறுத்த டப்பாவில் இரண்டு பேர்தான் போயிருந்தார்கள், மீதி எட்டும் கரிக்கட்டை போல இருந்துகொண்டே நகர்ந்தன. வெள்ளையாக, அமைதியாக, ஒரு முனகல்கூட இல்லாமல் போனவர்களை இடுக்கியால் எடுக்கும்போது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அந்த வருத்தத்தில் இருந்த நேரத்தில்தான் அது நடந்தது. மத்தியானக் கணக்கை எழுதிவிட்டு டப்பாக்களைப் பார்க்கிறேன். முதலாவதில் பத்து பேர், ஒருவர் மேல் ஒருவர். மூன்றாவதில் எட்டு. இரண்டாவதில் மூன்றே மூன்று பேர், மூலைக்கு ஒருவராக. முப்பத்தொரு வருஷம் படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே தள்ளி, நடுவில் நிற்கிறவனைப் பின்னால் நகர்த்தி, காலி இடம் கண்ணில் பட்டால் ஆள் உட்காரும்வரை மூச்சு விடாதவன் நான். கை தானாக இடுக்கியை எடுத்தது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வாய்விட்டு "கொஞ்சம் உள்ள போங்க, உள்ள போங்க" என்றுகூடச் சொன்னேன். இருபத்தோரு பேர், மூன்று டப்பா, ஏழு ஏழு ஏழு! மிச்சம் கிடையாது, குறை கிடையாது. அதைப் பார்த்து நான் அடைந்த திருப்தியை, மச்சான், இப்போது நினைத்தால் எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சாயங்காலம் அவள் போன் செய்தாள். "ஒண்ணாவது டப்பா?" "ஏழு" என்றேன் கம்பீரமாக. அவள் ரொம்பச் சின்னக் குரலில், "உப்புத்தண்ணியிலயா மூணு செத்துச்சு? அப்பா, அதுல சாவு விழுந்தா ஊசி போட்டதே தப்புன்னு ஆயிடும். முதல் தடவை கரண்ட் போயி கெட்டுச்சு, ரெண்டாவது தடவை எல்லாம் கூட்டுப்புழு ஆயிடுச்சு. இதான் கடைசி. திங்கக்கிழமை மேடத்துக்குக் காட்டணும். இதுவும் போச்சுன்னா எனக்குத் தெம்பு இல்லப்பா, விட்டுட்டு வந்துடுவேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஆட்களுக்கு இடம் மாற்றவில்லை, வண்டியையே மாற்றியிருக்கிறேன். வாயில் வந்ததைச் சொன்னேன்: "இல்லம்மா, கண்ணாடி போடல. பத்துதான், பத்து." என் பெண்ணிடம் நான் சொன்ன முதல் பொய் இது. சரி, மூன்றாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை முதல் சரிசெய்கிறேன். கறுத்த எட்டும் சுலபம், அப்படியே எடுத்து மூன்றாவதில் போட்டுவிட்டேன். மீதி பதின்மூன்றும் வெள்ளை! அதில் பத்து பேர் உப்புத்தண்ணீர் ஆட்கள், எந்தக் குறையும் இல்லாதவர்கள். மூன்று பேர் உள்ளே பெல் கயிறு அறுந்தவர்கள். பார்க்க எல்லாரும் ஒரே மாதிரி. அந்தக் கிருமியின் தொழிலே அதுதானே. டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே சொல்லுகிறவன் என்று உங்களிடம் எத்தனை தடவை பீற்றியிருப்பேன். அந்த வித்தையைத்தான் காட்டினேன். மெல்லிய தூரிகையால் ஒவ்வொருவர் தோளிலும் தட்டினேன் (புழுவுக்குத் தோள் எது என்று கேட்காதீர்கள்). டிக்கெட் வைத்திருப்பவன் தட்டியதும் விழிப்பான். இல்லாதவன் இன்னும் ஆழமாகத் தூங்குவான். அப்படி மூன்று தூங்குமூஞ்சிகளைப் பிடித்து இரண்டாம் டப்பாவில் போட்டுவிட்டேன். ஒருவரை மட்டும் தட்டத் தேவையே வரவில்லை. கொழுகொழுவென்று, பளபளவென்று, தலையைத் தூக்கி என்னையே பார்ப்பார். "தலைவர்" என்று பெயர் வைத்திருக்கிறேன். உப்புத்தண்ணீர் ஆள்தான், தலையை அடகு வைத்துச் சொல்வேன்.

ஆனால் அந்த மூன்று பேர் விஷயத்தில் சத்தியம் செய்ய முடியவில்லை மச்சான். தப்பானவர்களைப் போட்டிருந்தால் அவள் எழுதப்போவது பொய்யாகிவிடும். அவளுக்கே தெரியாமல் அவள் கையால் பொய் எழுத வைப்பதா? அதைவிட அவள் என்னிடம் ஆறு மாதம் பேசாமல் இருக்கட்டும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். என்னால் சொல்ல முடியாது என்றும் கூடவே முடிவு செய்துவிட்டேன். அவள் யார் பேச்சையும் கேட்காதவள், மாமா சொன்னால் மட்டும் கேட்பாள். ஆகையால் நாளைக் காலை அவள் லேபுக்குள் நுழைவதற்கு முன் நீங்கள் போன் பண்ணி, முதலில் நலம் விசாரித்து, பிறகு அப்பாக்களால் உலகத்துக்குக் கிடைத்த நன்மைகளைப் பற்றிப் பொதுவாகக் கொஞ்சம் பேசி, அதற்கப்புறம் பக்குவமாக விஷயத்தை இறக்குங்கள். ஆராய்ச்சியை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பனை வேண்டுமானால் விட்டுவிடச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், என் புத்தி தவிர மற்ற எல்லாச் செல்வங்களும் அவர்களுக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு இன்றுவரை தாக்குப்பிடிப்பவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் லேப் கதவு திறந்தது. உங்கள் மருமகள், கையில் பெட்டியோடு! "ஏழுன்னு சொன்னீங்களே, தேர்வு முடிஞ்ச கையோட பஸ் ஏறிட்டேன்" என்றாள். என்னைத் திட்டவில்லை. லென்ஸை எடுத்து ஒவ்வொரு புழுவாகப் புரட்டினாள். வயிற்றில், பின்னங்கால் பக்கம், ஊசிமுனை அளவு மைப்புள்ளி! முதல் டப்பாவுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. ஐந்தே நிமிஷத்தில் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆராய்ச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. "இது யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றேன். "அம்மாதான். 'ஒரு பக்கம் கூட்டமும் ஒரு பக்கம் காலியும் இருந்தா உங்கப்பன் கை சும்மா இருக்காது, எதுக்கும் அடையாளம் வச்சுட்டுப் போ'ன்னாங்க." நான் பிடித்த மூவரில் இரண்டு பேர் சரி. மூன்றாமவர் வெறும் தூக்கப் பிரியர். உண்மையான மூன்றாவது ஆள் தலைவர். இதை எழுதும்போதும் இரண்டாம் டப்பாவிலிருந்து தலையைத் தூக்கி என்னையேதான் பார்க்கிறார், துளிகூடக் கறுக்காமல். ஆகையால் நீங்கள் போன் பண்ண வேண்டாம், கதவையும் சாத்த வேண்டாம், கடிதத்தை உங்கள் தங்கையிடமே கொடுத்துவிடுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் அவளிடம் கேட்டு எழுதவும்: என் மேலும் எங்கேயாவது புள்ளி வைத்திருக்கிறாளா?