ஆறாவது துளையின் சாட்சி

அன்புள்ள மைத்துனன் லாய்டுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் ஹார்லன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நெப்ராஸ்காவில் என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். ஐடஹோவில் நீயும் டார்லாவும் கறவை மாடுகளும் நலமென்று நம்புகிறேன். மாமனாரின் ரிவால்வரை உனக்கு அனுப்பிவிடும்படி நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அக்காள் பயந்தால் பயப்படட்டும், எனக்கென்ன பயம் என்று கேட்டிருந்தாய். அந்த ரிவால்வர் ஏன் இந்த வீட்டை விட்டு நகராது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இன்று காற்று பலமாக இருப்பதால் அதையே காகிதத்தின் தலைமாட்டில் பாரமாக வைத்துக்கொண்டு சமையலறை மேஜையில் எழுதுகிறேன். எதிரே பாத்திரம் கழுவும் தொட்டியடியில் உன் அக்கா வெர்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள்.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால் பத்திரிகையில். இந்த மாதிரிப் பழைய ரிவால்வரில், சுழலும் உருளையின் ஆறு துளையிலும் தோட்டா போட்டு வைத்து, அது கை தவறிக் கீழே விழுந்தால், பின்னாலிருந்து தோட்டாவைத் தட்டும் சுத்தி அடிபட்டுத் தானாகவே வெடிக்கக்கூடும், ஆகையால் உடனே திருப்பி அனுப்புங்கள், இலவசமாகப் புது உறுப்பு பொருத்தித் தருகிறோம் என்று கம்பெனி அறிவித்திருந்தது. உன் அக்கா அதைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. உங்கள் அப்பா தண்ணீர் இறைக்கும் காற்றாடிக் கோபுரத்தில் ஏறும்போது இதே ரிவால்வர் இடுப்பிலிருந்து விழுந்து வெடித்துத்தானே அவருடைய குதிகால் போயிற்று. அந்த நொண்டி நடையைப் பார்த்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இது கம்பெனிக்குப் போகவேண்டும், இல்லையென்றால் லாய்டுக்குப் போகவேண்டும், இரண்டும் இல்லையென்றால் நான் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கோ கம்பெனிக்கு அனுப்ப மனசில்லை. புது உறுப்பு போட்டால் சுத்தியை இழுக்கும்போது கேட்கும் அந்த நாலு டிக் சத்தம் போய்விடுமாம். அந்தச் சத்தத்துக்குத்தானே மாமனாரின் பெண்ணைக் கட்டினேன் என்று உன் அக்கா ஊரெல்லாம் சொல்லுவாள், அதை விடு. கால்வாய் மடைகளைத் திறந்து மூடும் வேலையில் இருந்த காலமெல்லாம் விரியன் பாம்புக்குப் பயந்து இதை இடுப்பில் சுமந்தவன் நான். ஐந்து தோட்டாக்களுக்கு மேல் போட்டதே இல்லை. சுத்திக்கு அடியில் வரும் துளை எப்போதும் காலி. மாற்றி வைத்துவிடக் கூடாதே என்று அந்த ஒரு துளையின் விளிம்பில் வெர்னாவின் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு உருளையைச் சுற்றினாலும் என் கட்டைவிரல் அந்தப் பொட்டைச் சுத்திக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்திவிடும். இதைச் சொன்னால், அப்பாவும் இப்படித்தான் சத்தியம் செய்வார் என்கிறாள்.

இந்த நிலையில்தான் கடையில் குட்டைத் தோட்டா தீர்ந்துபோய், நெட்டைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிவந்தேன். அதற்கும் சேர்த்துச் செய்யப்பட்ட ரிவால்வர்தான், நான்தான் சிக்கனம் பார்த்துக் குட்டையிலேயே காலம் ஓட்டிவிட்டேன். போட்டால் போகவில்லை லாய்டு. ஐந்து துளையில் முக்கால்வாசி போய் முரண்டு பிடித்து நின்றுவிட்டது. பொட்டு வைத்த துளையில் மட்டும் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. ஒரே ரிவால்வர், ஒரே உருளை, ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக் குணம்? எனக்குச் சோறு இறங்கவில்லை. குளிரில் சுருங்கியிருக்குமோ என்று அடுப்பருகே வைத்தேன். தோட்டா வீங்கியிருக்குமோ என்று வெர்னாவின் தையல் நாடாவால் அளந்து, அவள் நாடாவில் எண்ணெய்க் கறை ஆக்கினேன். கடைசியில் டார்ச் விளக்கு அடித்துப் பார்த்தால் ஐந்து துளைக்குள்ளும் ஒரே ஆழத்தில் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. அது என்ன என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, உன் அக்கா என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன அதிசயம்? உங்க காப்பிக் கோப்பையப் பாருங்க. தெனமும் அரைக் கோப்பைதான் குடிக்கிறீங்க, அரைக் கோப்பையிலதான் கறை வளையம் இருக்கு" என்றாள்.

எனக்குப் பொறி தட்டிவிட்டது. குட்டைத் தோட்டா வெடித்து வெடித்து, அதன் வாய் நின்ற இடத்தில் புகைக்கரி படிந்திருக்கிறது. நெட்டை அதில் போய் முட்டிக்கொள்கிறது. அப்படியானால் ஆறாவது துளை ஏன் சுத்தமாக இருக்கிறது? மாமனாரிடமிருந்து வாங்கி நன்றாகத் துடைத்து இடுப்பில் மாட்டிய நாளிலிருந்து அதில் ஒருநாளும் தோட்டா வெடித்ததில்லை! இதைவிடப் பெரிய சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்? உன் அக்காவை இங்கேயே நிற்கவைத்து, ஐந்து துளையிலும் நெட்டைத் தோட்டாவை விட்டு முட்டுவதைக் காட்டி, பொட்டு வைத்த துளையில் போட்டு அது வழுக்கிக்கொண்டு உள்ளே போவதையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"சரி, நீங்க சொன்னது நெசந்தான். இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

குளிர்பெட்டியிலிருந்து அந்த அறிவிப்பையும் கிழித்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே மச்சான், ரிவால்வர் கம்பெனிக்கும் போகாது, உன்னிடமும் வராது. துப்பாக்கியில் இல்லை ஆபத்து, அதைப் பிடிக்கிற கையில்தான் இருக்கிறது. என் கை எப்படிப்பட்டது என்று இப்போது உனக்கும் தெரிந்திருக்கும்.

டார்லாவுக்கு எங்கள் அன்பு. உன் மாடுகள் பெருகட்டும், உன் வைக்கோல் மழையில் நனையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஹார்லன்

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், காகிதத்தை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். உறையில் போடலாம் என்று எழுந்தபோது, தட்டு வைக்க மேஜையை ஒழித்த உன் அக்கா தோட்டாப் பெட்டியைப் பார்த்து, "இதுல ஒரு குழி காலியா இருக்கே, அந்த ஒண்ணு எங்க?" என்றாள். அவளுக்குக் காட்டுவதற்காகப் பொட்டுத் துளையில் போட்டேனே, அதை நான் எடுக்கவே இல்லை. போட்டுவிட்டுப் பேச்சு மும்முரத்தில் உருளையைச் சுற்றியிருக்கிறேன். என் கட்டைவிரலும் வழக்கம்போலப் பொட்டைக் கொண்டுபோய்ச் சரியாகச் சுத்திக்கு அடியில் நிறுத்தியிருக்கிறது. காற்றுக்குக் காகிதத்தின் மேல் பாரமாக இருந்தது அந்த ரிவால்வர்தான். அதன் வாய் தொட்டியைப் பார்த்து இருந்தது. இந்தக் கடிதத்தின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவள் அங்கேதான் நின்றிருந்தாள். கிழித்த அறிவிப்பைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, ஒட்டவைத்து, விலாசத்தைப் பார்த்து ஓர் அட்டைப்பெட்டியின் மேல் எழுதிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலையில் ரிவால்வர் அதில் ஏறிக் கம்பெனிக்குப் போகிறது. கழற்றிய பழைய உறுப்புகளை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தருவார்களாம். அந்த நாலு டிக் சத்தம் அதில்தான் இருக்கும், வேண்டுமானால் நீ வைத்துக்கொள்.