நான் விட்டதாகச் சொன்ன ராக்கெட்

என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருக்கிறது. இணையத்தில் ஒரு ராக்கெட் வாத்தியாரின் வீடியோக்களுக்குக் கீழே, கூலிங்கிளாஸ் போட்ட என் படத்தோடு, இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் சோறு தின்ன நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் சோறு தின்பதைத் தவிர வேலை இருக்காது. அப்படி ஒரு மாதத்தில்தான் ராக்கெட் சார் என் போனில் வந்து சேர்ந்தார். (பெயர் சொல்ல மாட்டேன். அந்த மனிதருக்கு நான் செய்தது போதும்.) சேலம் பக்கத்துக்காரர். மொட்டை மாடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலி குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, தென்னை மரத்துக்கு மேலே அனுப்புவார். தண்ணீர் கீழே பீறிட்டால் பாட்டில் ஏன் மேலே போகிறது என்று அவர் விளக்கும்போது, பத்தாம் வகுப்பில் இதையே பிரம்பு வைத்து விளக்கியவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும். ராக்கெட் போய் அவர் வீட்டம்மா காயப்போட்ட வடகத்தில் குத்தினால் அதையும் வெட்டாமல் காட்டுவார். தோற்றதை மறைக்காத மனிதர். (அவரிடம் நான் கற்றுக்கொள்ளாதவற்றில் அதுதான் முதல் இடம்.)

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒன்று சொல்வார்: "பார்த்தா பத்தாதுங்க. செஞ்சு பாருங்க."

நான் பார்ப்பதில் கெட்டிக்காரன். முதல் பாடத்துக்கு 'அருமை சார்' என்று போட்டேன். அவர் ஒரு இதயம் போட்டார். இந்த வயதில் எனக்கு யார் இதயம் போடுகிறார்கள்? இரண்டாம் பாடத்துக்கு 'மிக அருமை சார்'. இதயம் வரவில்லை. மூன்றாம் பாடத்துக்குத் துணிந்து எழுதினேன்: 'செய்து பார்த்தேன் சார், சூப்பர்!' இதயத்தோடு கேள்வியும் வந்தது: 'எவ்வளவு உயரம்ங்க?'

'செல்போன் டவர் உயரம் சார்!'

அதற்குப் பிறகு என் ராக்கெட்டுகளை யாராலும் பிடிக்க முடியவில்லை. எட்டாம் பாடம் முடிவதற்குள் கல்வராயன் மலைமேல் பாராசூட்டில் இறக்கிவிட்டேன். எல்லாம் கட்டைவிரலால்.

ஒருநாள் அவரிடமிருந்து செய்தி வந்தது. 'மலையில இருக்கிற பள்ளிக்கூடங்கள்ல ராக்கெட் வகுப்பு நடத்த உங்க பக்கத்துல ஒரு ஆள் வேணும்ங்க. நீங்கதான்னு முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றேன். உங்க ராக்கெட்ட நேர்ல ஒரு தடவை பாத்துட்டா போதும்.'

முதல் பாதியைப் படித்தபோது வானத்தில் இருந்தேன். இரண்டாம் பாதியில் தரையில் விழுந்தேன். என்னை யாராவது வாத்தியார் என்று கூப்பிட வேண்டும் என்பது எனக்குப் பழைய ஆசை. கடைக்கு வருகிறவர்கள் 'அண்ணா, பேப்பர் கறுப்பா வுழுது' என்பதைத் தவிர வேறெதற்கும் என்னைக் கூப்பிட்டதில்லை.

என் மனைவி செல்வியிடம் சொன்னேன். "இன்னாங்க, நீங்க எப்போ ராக்கெட் வுட்டீங்க? கேஸ் சிலிண்டர் மாட்டவே பக்கத்து வூட்டுக்காரரைக் கூப்பிடுற ஆளு!" என்றாள்.

யோசித்தேன். நம் பக்கத்தில் ஒரு காரியம் நடக்காமல் இருக்க வேண்டுமென்றால் நிச்சயமான வழி ஒன்று உண்டு: அதற்கு விழா எடுத்துவிட வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, வாழ்த்துரை என்று போனால், எதற்காகக் கூடினோமோ அதற்கு நேரம் இருக்காது. 'நேரமின்மை காரணமாக' என்று மைக்கில் வருத்தப்பட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் கவுன்சிலராக இருக்கும் மச்சானை, அதாவது செல்வியின் அண்ணனை, பிடித்தேன். கெட்டி அட்டையில் அழைப்பிதழ். பெரிய பிளக்ஸ் பேனர். அதில் ராக்கெட் சார் தீப்பெட்டி அளவு, நான் கதவு அளவு.

கண்ணுக்குக் காட்ட ஒரு ராக்கெட் வேண்டுமே? பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கமால் பாயைச் செய்யச் சொன்னேன்.

"இறக்கை ஒட்டணுமேப்பா?" என்றார்.

"வேணாம் பாய். இது இன்னா பறக்கவா போகுது?"

ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிமலையில் நல்ல வெயில். மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்மேல், புது வண்டிக்குப் பூசை போடுவதுபோல, சந்தனம் குங்குமத்தோடு பாட்டில் நின்றது. "விருந்தாளி முன்னாடி பம்பு அடிச்சிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்? இப்பவே அடிச்சு ரெடியா வைங்க பாய்" என்று அதிகாரம் செய்த மச்சான், தன் பங்குக்கு ஒரு சாமந்தி மாலையையும் பாட்டிலுக்குப் போட்டார். பாட்டில் மரியாதையாக மேடையைப் பார்த்துச் சாய்ந்தது.

உரைகள் நான் நினைத்ததைவிட நன்றாகவே நீண்டன. ராக்கெட் சார் முன்வரிசையில் பொன்னாடைக்குள் வியர்த்தபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தார். ஐந்தாவதாக நான் மைக்கைப் பிடித்தேன்.

"அன்று நான் விட்ட ராக்கெட், செல்போன் டவர் உயரத்துக்கு..."

டப்!

தண்ணீர் முழுவதும் முன்வரிசை முகத்தில். பாட்டில் மாலையோடு தாழப் பறந்து, என் காதை உரசி, பின்னால் இருந்த பேனரில் என் வாயைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கூட்டம் விசிலடித்தது. (நிகழ்ச்சியில் இதுவும் சேர்த்தி என்று நினைத்திருக்கிறார்கள்.)

ராக்கெட் சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். கோபப்படவில்லை. பாடம் நடத்துகிற அதே குரல்.

"வெயில்ல காத்து விரியும்ங்க. எத்தனாவது பாடம்?"

"சார்..."

"ரெண்டாவது. இறக்கை இல்லேன்னா நேராப் போகாது. அது மூணாவது. பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"செஞ்சீங்களா?"

மைக் அணைக்கப்படவில்லை. என் "இல்லீங்க சார்" ஸ்பீக்கர் வழியாக எதிர் மலைவரை போய்த் திரும்பி வந்தது. பெண்கள் பக்கத்தில் முதலில் சிரித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தாலி கட்டியவனுக்கு அந்தச் சிரிப்பு தெரியாதா?

அதற்குள் கமால் பாய் பாட்டிலைத் தேடி எடுத்து, என் அழைப்பிதழ் ஒன்றை மூன்றாக வெட்டி, கறுப்பு டேப்பால் இறக்கை ஒட்டிவிட்டார். மறுபடி தண்ணீர் ஊற்றி, மைதானத்தின் நடுவில் நிமிர்த்தி வைத்து, பம்பால் நாலு அடி அடித்தார். சர்ரென்று போனது பாருங்கள், அத்தனை தலைகளும் ஒன்றாக அண்ணாந்தன. என் தலையும்தான். எட்டுப் பாடம் பார்த்தவன், முதல் தடவையாக ஒரு ராக்கெட்டைப் பார்த்தேன்.

"நீங்க எங்க கத்துக்கிட்டீங்க பாய்?" என்றார் ராக்கெட் சார்.

"இவரு கடையில சவுண்டா வெச்சிக்கினு பாப்பாருங்க. காதுல வுழும். பஞ்சர் ஒட்டிக்கினே செஞ்சு பாத்தேன்."

சார் தன் ஈரப் பொன்னாடையைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார். "வகுப்ப நீங்க எடுங்க."

"நான் எட்டாவது வரைக்கும்தாங்க படிச்சேன் சார்."

"ராக்கெட் சர்ட்டிபிகேட் கேக்காதுங்க."

இப்போது சனிக்கிழமை தோறும் சைக்கிள் கடைக்கு லீவு. மலையில் அவரைப் பிள்ளைகள் 'வாத்தியாரே' என்று கூப்பிடுகிறார்கள். அவர் பாடத்துக்கான தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது நான். ("கொஞ்சம் கறுப்பா வுழுதுப்பா" என்கிறார்.) வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பே போய்விட்டது. மாத்திரை போட்டுவிட்டேன் என்றால் செல்வி அட்டையை வாங்கி எண்ணிப் பார்க்கிறாள். கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்றால் மகள், "டவர் உயரத்துக்காப்பா?" என்கிறாள்.

போன மாதம் ரோஷம் வந்து, கடையை அடைத்துவிட்டு, கோமுகி அணைப் பக்கம் தனியாகப் போனேன். முதல் மூன்று பாடங்களையும் என் கையாலேயே செய்தேன். மூன்று இறக்கை. நிழலில் வைத்துக் காற்றடித்தேன். பறந்தது! சத்தியமாகப் பறந்தது. புளியமரத்துக்கு மேலே போய் வெயிலில் மின்னித் திரும்பியது. தனியாக நின்று கைதட்டினேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. போனை வீட்டில் சார்ஜில் போட்டிருந்ததால் வீடியோ இல்லை. பார்த்தவை இரண்டு எருமைகள்.

வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். எத்தனை அடி அடித்தேன், எந்தப் பக்கம் காற்று, எங்கே விழுந்தது என்று இருபது வரி. என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய முதல் உண்மையான கமெண்ட்.

சாயங்காலம் ராக்கெட் சாரின் பதில் வந்தது.

'சரிங்க.'