சடையன் துடுப்பைக் கொடுத்த கதை

இனிமேல் நடுத்தண்ணிக்குப் போவதில்லை என்று சடையன் முடிவு கட்டியது நடுத்தண்ணியில் வைத்துத்தான்.

ஆடி மாதக் காற்று. மேட்டூரில் அணை கட்டித் தண்ணீர் தேங்கி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாத அகலம். அதன் நடுவில் சடையனின் பரிசல் பம்பரமாகச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் காலையில் குடித்த கம்பங்கூழ் வெளியே வந்தது. ஐந்தாவது சுற்றில் கரையிலிருக்கும் முனியப்பன் கோயில் நான்கு திசையிலும் தெரிந்தது. எது நிஜக் கோயில் என்று யோசிக்க நேரமில்லாமல் நான்கு திசையையும் கும்பிட்டான். உயிரோடு கரை சேர்த்துவிடு, துடுப்பை இறக்கி ஓய்கிற அன்றைக்கு உனக்கு ஒரு சேவல் என்று வேண்டிக்கொண்டான். காற்று நின்றது. சேவல் என்றதும் நின்றதா, தானாகவே நின்றதா என்பது முனியப்பனுக்குத்தான் வெளிச்சம்.

கரையேறியதும் ஈரத் துணியோடு கோயிலுக்கு ஓடினான். பூசாரியிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, நடந்ததையெல்லாம் ஒப்பித்து, வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். வாசலிலேயே அவன் மனைவி ஆராயி நின்றாள்.

"ஏனுங்க, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"வெயிலு புள்ள."

"வெயிலுக்குக் கறுக்குமுங்களே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சடையனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மகன் அங்கமுத்து தனிப் பரிசல் வைத்து நன்றாகவே மீன் பிடித்தான். கூழுக்குக் குறைவில்லை. அப்படியென்றால் பேசாமல் துடுப்பை மூலையில் சாத்திவிட்டுப் படுக்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். அதுதான் முடியாது. அந்தக் கரையில் அதற்கு ஒரு முறை இருந்தது.

வயதான பரிசல்காரன் தானாகத் துடுப்பை இறக்கக் கூடாது. அவன் பெண்டாட்டி முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி, நாலு பேர் பார்க்க, அவன் கையிலிருந்து அதை வாங்க வேண்டும். இதுவரை பாடுபட்டது போதும், கரைக்கு வந்துவிடு என்று அதற்கு அர்த்தம். அப்படி வாங்கிவிட்டால் பெண்கள் குலவை போடுவார்கள். அதற்குப் பிறகு அவன் கரையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தபடி அடுத்தவன் வலை வீசுவதைக் குறை சொல்லலாம். யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். பெண்டாட்டி வாங்காமல் தானாக இறக்கியவனுக்கோ 'தண்ணிக்குப் பயந்தவன்' என்று பேர். அந்தப் பேர் அவனோடு போகாது. பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பக்கத்து வீட்டுத் தீர்த்தகிரிக்கு இந்தப் பாக்கியம் போன தை மாதமே கிடைத்துவிட்டது. அவன் பெண்டாட்டி மாரக்காள் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் துடுப்பை வாங்கினாள். அன்று முதல் தீர்த்தகிரி ஒரு பாறைமேல் உட்கார்ந்து, "சடையா, வலையா அது, கோவணம் ஒணத்தறயா?" என்று கூவிக்கொண்டிருந்தான். சடையனுக்கு வயிறு எரிந்தது.

சரி, ஆராயியிடமே கேட்டுவிடலாம். அதிலும் ஒரு சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளாகவே கேட்டாள். வயசாகிறது, எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது, துடுப்பைக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு கரை ஜனத்தின் முன்னால் கெஞ்சினாள். சடையன் அப்போது மீசையை முறுக்கினான். ஆராயி பிறந்த ஊர் முழுவதும் அணைத் தண்ணீருக்கடியில் போயிருந்தது; நடுத்தண்ணி என்பது அந்த ஊருக்கு நேர் மேலேதான். "என்ற மாமனார் ஊட்டுக் கூரைக்கு மேலயே வலை போடறவன் நானு. என்ற பொணந்தாண்டி துடுப்ப உடும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். ஆராயி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவும் இல்லை.

ஆகவே அவளை மறுபடியும் கேட்க வைக்க வேண்டும். தான் தளர்ந்துவிட்டதாகக் காட்டினால் பெண்மனசு இளகாதா என்று சடையன் கணக்குப் போட்டான்.

முதலில் கையை நடுக்கினான். கூழ்ச் சட்டியைத் தூக்கும்போது பாதி மடியில் கொட்டியது. இந்தக் கையோடு தண்ணிக்குப் போக வேண்டாம் என்பாள் என்று தலையைக் குனிந்தபடி காத்திருந்தான். ஆராயி பரணிலிருந்து எதையோ தேடி எடுத்தாள். பேரனுக்குப் பால் புகட்டுகிற சங்கு. மூன்று வேளையும் மருமகளும் கைக்குழந்தையும் பார்த்துக்கொண்டிருக்க, சடையன் அண்ணாந்து சங்கில் கூழ் குடித்தான். நாலாவது வேளையில் கை தானாகச் சரியாகிவிட்டது.

அடுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான். ஆராயி செங்கல்லைச் சுட்டு, ஆமணக்கு இலையில் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். அதோடு விட்டிருந்தால் சுகமாகத்தான் இருந்திருக்கும். அவனைக் குப்புறப் போட்டு முதுகில் ஏறி மிதித்தாள். ஆள் என்னவோ ஒல்லிதான். ஆனால் முப்பது வருஷமாக மீன்கூடை சுமந்து சந்தைக்கு நடந்த கால். விலா எலும்புகள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று சடையனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவதாகக் கண். முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பார்த்து, பூனை வந்திருக்கிறது, விரட்டு என்றான். ஆராயி அடுப்படிக்குப் போய் வந்தாள். சின்ன வெங்காயத்தை நசுக்கி, கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டாள். இரண்டு நாளைக்குக் கோழி நிஜமாகவே பூனையாகத் தெரிந்தது.

ஒவ்வொரு வைத்தியம் முடிந்ததும் அவள் சொல்வது ஒன்றுதான். "இப்ப எளவட்டமாட்டம் ஆயிட்டீங்க. இன்னும் பத்து வருசம் தாராளமா நடுத்தண்ணிக்குப் போலாமுங்க."

இனி நடித்துப் பயனில்லை என்று ஆன பிறகு சடையன் பெரிய திட்டம் ஒன்று போட்டான். ஜலகண்டாபுரம் சந்தைக்கு முந்தின நாள் கரை முழுக்க ஆட்கள் இருப்பார்கள். ஆராயியும் அங்கேதான் மீன் தரம் பிரித்துக்கொண்டிருப்பாள். கரைக்கு இருபது முழம் தள்ளி இடுப்பளவு தண்ணீரில் பரிசலைக் கவிழ்த்துக்கொள்வது. ஆராயி என்று ஓர் அலறல் அலறுவது. அவள் தலைவிரி கோலமாக ஓடி வந்து, இந்த எழவுத் துடுப்பு இனி வேண்டாம் என்று பிடுங்குவாள். தண்ணீரில் இறங்கியது ஆயிற்று, வாங்கியது ஆயிற்று, நாலு பேர் பார்த்ததும் ஆயிற்று. இதைவிட ஒழுங்காக எந்த முறை நடந்துவிடப் போகிறது?

திட்டத்தில் பிழை இல்லை. பரிசல்தான் கொஞ்சம் அதிகமாக ஒத்துழைத்தது. வலை வீசுகிற பாவனையில் எழுந்து நின்று ஓரத்தில் கால் வைத்தான். அது அழகாக ஒரு புரளல் புரண்டு, கோழியைப் பஞ்சாரக் கூடை மூடுகிற மாதிரி அவனை மூடிக்கொண்டது.

உள்ளே கும்மிருட்டு. பரிசலுக்குப் போர்த்திய எருமைத் தோலின் நாற்றம். இடுப்பு வரைக்கும் தண்ணீர், தலைக்கு மேல் மூங்கில் பிளாச்சு; நெம்பிப் பார்த்தால் அசையவில்லை. கையில் துடுப்பு இருந்தது. அதை மட்டும் விடவில்லை. முங்கி வெளியே வரலாம் என்றால் வலை இரண்டு காலையும் சுற்றிக்கொண்டது. போதாததற்கு வலைக்குள் ஒரு கெளுத்தி மீன் முள்ளை விறைத்துக்கொண்டு அவன் கெண்டைக்காலை முகர்ந்துகொண்டிருந்தது. சடையன் ஆராயி என்று அலறினான். அலறல் பரிசலுக்குள்ளேயே சுற்றி வந்து அவன் காதில் விழுந்தது. கரைக்கு அது எருமைக்கன்று கத்துகிற மாதிரிக் கேட்டது என்று பிற்பாடு சொன்னார்கள்.

தீர்த்தகிரி பதறிப் பாறையிலிருந்து குதித்தது சடையனுக்குக் கேட்டது. அதைத் தொடர்ந்து ஆராயியின் குரலும் கேட்டது. அதில் பதற்றம் எதுவும் இல்லை.

"அண்ணா, அவரு கவுந்த எடத்துல தண்ணி எம்மட்டுங்க?"

"இடுப்பு மட்டுந்தான் இருக்கும், ஆராயி."

"அப்பச் செரி. அந்த வாளை மீன இந்தக் கூடையில எடுத்துப் போடுங்க. கையக் கழுவிட்டுப் போய்ப் பாக்கறேன்."

சடையன் காத்திருந்தான். கெளுத்தியும் காத்திருந்தது. கடைசியில் சளக் சளக் என்று தண்ணீரில் நடந்து வரும் சத்தம் கேட்டது. தோலில் யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள்.

"ஏனுங்க, உள்ளதான் இருக்கறீங்களா?"

"பின்ன எங்க போவேன்? தூக்கு புள்ள, மூச்சு முட்டுது."

"பேசறதுக்கு மூச்சு இருக்குதுங்களே." அவள் விளிம்புக்குக் குனிந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பூசாரி மூணு தடவ ஊட்டுக்கு வந்துட்டாருங்க. சேவல் எப்ப வருதுன்னு கேக்கறாரு."

சடையனுக்கு இடுப்புக்குக் கீழே இருந்த குளிர் தலைக்கு ஏறியது. "உனக்கு எல்லாம் தெரியுமா?"

"நீங்க வெளுத்துப்போயி வந்தீங்களே, அன்னிக்கே தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்குடி வெங்காயச் சாறு உட்ட?"

"கண்ணு தெரியலைன்னீங்க."

 இனி மறைக்க ஒன்றும் இல்லை. சடையன் கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத குரலில் சொன்னான்.

"ஆராயி, துடுப்ப வாங்கிக்க."

"தோலு தடிமனா இருக்குதுங்க. காதுல உழுகல."

"துடுப்ப வாங்கிக்கன்னு சொல்றேன்."

"வாங்கிக்கறனுங்க. வாங்கினதுக்கப்பறம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"உக்காந்திருப்பேன். தீர்த்தகிரியாட்டம்."

"அவரு உக்காந்த சீர் எனக்குத் தெரியாதுங்களா? அரை நாள் பாறையில, அரை நாள் அடுப்படியில. சட்டி மூடியத் தொறந்து தொறந்து பாக்கறாராம், ரசத்துக்கு மொளகு பத்தலைங்கறாராம். மாரக்கா ஊட்ட உட்டு ஓடிப் போலாமான்னு பாக்கறா." கரையில் தீர்த்தகிரி இருமுகிற சத்தம் கேட்டது. ஆராயி தொடர்ந்தாள். "உங்களுக்கு அம்பத்தெட்டு, எனக்கு அம்பத்திரண்டு. உங்களுக்கு நடுத்தண்ணி ஆகாத மாதிரி எனக்குச் சந்தை ஆகறதில்லீங்க. முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. அதை நீங்க ஒரு நாளாச்சும் கேட்டிருப்பீங்களா? மருமவ கைக்கொழந்தக்காரி. அங்கமுத்து புடிக்கற மீன யாராச்சும் சந்தைக்குக் கொண்டுபோகோணும்."

சடையனுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. புரிந்ததும் பரிசல் இன்னும் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"ஆம்பள மீன்கூடை தூக்கறதா? கரையே சிரிக்கும்."

"இப்ப மட்டும் அழுதுக்கிட்டா இருக்குது?"

கேட்டுப் பார்த்தான். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கமுத்துவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கெளுத்தி யோசனையை முடித்துக்கொண்டு முள்ளை இறக்கியது.

"தூக்கறேன். தூக்கறேன் தாயி."

"கரைக்குக் கேக்கட்டுமுங்க."

"கூடைய நான் தூக்கறேன்."

"முனியப்பன் மேல?"

"முனியப்பன் மேல."

பரிசல் விளிம்புக்கடியில் துடுப்பின் பிடி மெல்ல வெளியே நீண்டது. ஆராயி முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினாள். மாரக்காள் குலவையை ஆரம்பித்துவைத்தாள். அங்கமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் வந்து பரிசலைத் தூக்கியபோது, சடையன் வலைக்குள் நின்றபடி எல்லோரையும் கும்பிட்டான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தண்ணிக்குப் பயந்தவன் என்று யாரும் சொல்லவில்லை. மாலையில் முனியப்பனுக்குச் சேவல் போயிற்று. பூசாரி அதைக் கையால் எடை பார்த்துவிட்டு, கொஞ்சம் இளைத்த சேவல் என்றார்.

மறுநாள் விடியுமுன்பே ஆராயி பழைய வேட்டியைக் கிழித்துச் சும்மாடு சுற்றி அவன் தலையில் வைத்தாள். அதன்மேல் கூடையை ஏற்றினாள். வாளை மேலே இருக்கட்டும், கெளுத்தி அடியில் இருக்கட்டும், வேர்வையோடு பச்சைத் தண்ணீர் குடிக்க வேண்டாம், நெஞ்சில் சளி கட்டும் என்று தெரு முனை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு திரும்பிப் போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். அந்த நேரத்தில் அவள் படுத்ததை அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

சடையன் ஐந்து மீன்காரப் பெண்களுக்கு நடுவில் ஓட்டமும் நடையுமாகப் போனான். முதல் கல் தூரத்தில் கழுத்து தோளுக்குள் இறங்கியது. இரண்டாவதில் மீன் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. நாலாவது கல் வந்தபோது நடுத்தண்ணிகூட அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. பெண்களோ கூடையைக் கையால்கூடப் பிடிக்காமல், யார் வீட்டு மருமகள் என்ன சொன்னாள் என்று பேசிச் சிரித்தபடி போனார்கள்.

இருந்தாலும் அவன் மனசைத் தளரவிடவில்லை. எந்த வேலைக்கும் இறங்குகிற முறை என்று ஒன்று இருக்கும். துடுப்புக்கு இருக்கிற மாதிரி கூடைக்கும் இல்லாமலா போகும்? அது என்னவென்று தெரிந்துகொண்டால் வருகிற தைக்குள் ஏற்பாடு செய்துவிடலாம். பக்கத்தில் வந்த சென்னியம்மாள் அந்தக் கூட்டத்தில் மூத்தவள், அறுபது தாண்டியவள். ஏம்மா, வயசானால் இந்தக் கூடையை எப்படி இறக்குவீர்கள், யார் வந்து வாங்க வேண்டும் என்று அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

சென்னியம்மாள் கூடையைப் பிடிக்காமலே அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்படி ஒரு மொறையே கெடையாதுங்க. எனக்குத் தெரிஞ்சு கூடைய எறக்கினவ ஆராயி ஒருத்திதான். அவளுக்கு நீங்க இருந்தீங்க. உங்களுக்கு யாரு இருக்கறாங்க?"