மாலை போட்டவங்க பொய் சொல்லக் கூடாது

ஜூன் மாதம் பிறந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்துவிடும். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று மேலே போட்டிருக்கும். நகம் வெட்டி அனுப்புங்கள், ஸ்வெட்டரில் பெயர் தைத்து அனுப்புங்கள், டிபன் டப்பாவில் மிக்சர் கூடாது. எல்லாம் சரிதான். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் எந்த வருஷமும் அந்தத் தாளில் போட மாட்டேன் என்கிறார்கள். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடும். அப்பன் பேச்சில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று வடிகட்டிப் பார்க்க அதற்குத் தெரியாது. இது புரியாமல் நான் பட்ட பாட்டை எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று என் வீட்டுக்காரி செல்வி சொன்னாள். (நான் அசிங்கப்பட்டத நாலு பேரு படிக்கணும் அவளுக்கு, அம்புட்டுதான்.)

நான் பூம்பாறைக்காரன். பூண்டு, கேரட் போடுகிறேன். எட்டாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. அதனாலேயே மகள் தேவயானியை எப்படியாவது இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைக்க வேண்டும் என்று வெறி. கொடைக்கானலில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி ஒன்றில் பாரம் வாங்கி வந்தோம். அதை நிரப்பும்போது, வேன் ஓட்டும் முத்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னார்.

"ஏலே, அப்பா படிப்புன்னு கேட்டிருக்கு பாரு. எட்டாவதுன்னு எழுதித் தொலைச்சுராத. வீட்டுல சொல்லிக் குடுக்க ஆளில்லன்னு சீட்டு தர மாட்டாங்க. பன்னெண்டுன்னு போடு. எவன் வந்து பாக்கப் போறான்?"

போட்டேன். சேர்க்கும் அன்று, வீட்டில் பிள்ளைக்குத் தினமும் இங்கிலீஷ் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவீர்களா என்றும் கேட்டார்கள். கண்ணை இமைக்காமல் "வாசிப்பேங்க" என்றேன். (எங்க வீட்டுல இருந்த ஒரே இங்கிலீஷ் எழுத்து பூச்சிமருந்து டப்பா மேலதான் இருந்துச்சு.) சீட்டும் கிடைத்தது. எங்கள் ஊர் முருகன் குழந்தை வேலப்பருக்குப் பொங்கல் வைத்தேன். பொய் சொல்லி வாங்கிய சீட்டுக்குச் சாமிக்கு நன்றி சொல்கிறோமே என்ற கூச்சம் அன்றைக்கு எனக்கு வரவில்லை.

மார்கழி வந்தது. நான் வருஷா வருஷம் மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, தைப்பூசத்துக்கு மலை இறங்கிப் பழனிக்கு நடக்கிறவன். அந்த வருஷம் தேவயானியும் மாலை போடுவேன் என்று அடம் பிடித்தாள். ஆறு வயசில் இப்படி ஒரு பக்தியா என்று நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். விளக்கேற்றி, மாலையைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு விதியாகச் சொன்னேன். வெள்ளனே எழுந்து குளிக்கணும். (நம்ம ஊரு மார்கழிக் குளிருல பச்சத்தண்ணி ஊத்தினா பிள்ள விறைச்சுப் போகும். வெந்நீர்தான்.) எல்லாரையும் சாமி என்று கூப்பிடணும். அடுத்த விதியில்தான் வினையே இருந்தது.

"மாலை போட்டவங்க பொய் சொல்லக் கூடாது சாமி."

"தெரியாமச் சொல்லிட்டா சாமி?"

அத்தோடு "பரவாயில்ல, முருகன் மன்னிச்சிருவாரு" என்று முடித்திருக்கலாம். எனக்கோ மேடையில் பேசுகிற சொற்பொழிவாளர் என்று நினைப்பு.

"நிச்சயமாத் தெரியாத ஒண்ணைச் சொன்னா அதுவும் பொய்க்குச் சமானந்தான் சாமி. சந்தேகமா இருந்தா வாயை இறுக்கி மூடிக்கிட்டு, மனசுக்குள்ள முருகான்னு சொல்லிக்கணும்."

பிள்ளை பெரிசாகத் தலையாட்டியது. அதைப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்து இரண்டு வாரம் இருக்கும். தேவயானியின் டைரியில் சிவப்பு மையில் இங்கிலீஷில் ஏதோ எழுதி வந்தது. சிவப்பு மை என்றதுமே டைரியைத் தூக்கிக்கொண்டு முத்து அண்ணனிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து, டைரியைத் தூரமாகப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, கடைசியில் சொன்னார்.

"பிள்ள வகுப்புல பேசவே மாட்டேங்குதாம்லே. வெள்ளிக்கிழமை புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வரணுமாம்."

செல்வி மிஸ்ஸுக்கு போன் போட்டாள். பாடம் வாசிக்கச் சொன்னால் வாசிப்பதில்லை, பாட்டுப் பாடச் சொன்னால் பாடுவதில்லை, பேர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குகிறாள், விளையாடும்போதும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்பதால் அங்கேயும் வாயைத் திறப்பதில்லை என்றார் மிஸ். "இப்படியே இருந்தா யு.கே.ஜி.க்கே திரும்ப அனுப்பிப் பாக்கலாமான்னு சிஸ்டர் யோசிக்கிறாங்க."

வீட்டில் இந்தப் பிள்ளை பேசுகிற பேச்சுக்குக் கோழிகள் கூரையில் ஏறிக்கொள்ளும். அது எப்படி ஊமையாகும்?

"வேன்லயும் வாய் ஓயாதுலே. பள்ளிக்கூட கேட்டு வந்ததும் ரேடியோவ அமத்தின மாதிரி நின்னுருது" என்றார் முத்து அண்ணன்.

அந்த ஒரு பேச்சு போதாதா? கேட்டில் ஏதோ காத்து கருப்பு இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தோம். மிஸ் அடிச்சாங்களா சாமி? இல்ல சாமி. யாராச்சும் பயங்காட்டுனாங்களா? இல்ல சாமி. எதையாச்சும் பாத்துப் பயந்தியா? இல்ல சாமி. இப்படி இருபது கேள்வி கேட்டோம். ஏன் பேசலை என்ற ஒரு கேள்வியை மட்டும் அப்பனும் கேட்கவில்லை, ஆத்தாளும் கேட்கவில்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து நாக்கில் தடவினோம். என் வேட்டியிலேயே துப்பினாள். கோயிலில் திருநீறு வாங்கி வந்து பூசினோம். புதன்கிழமை பூண்டுக் காட்டில் களை எடுக்கிறேன் என்று பூண்டையே பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துத் தனியாகக் கொடைக்கானல் போனேன். மேகம் இறங்கி ரோடு தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தால் பள்ளி கேட்டுக்கு மூன்று சுற்றுச் சுற்றி, ஓரமாக அதைக் காலால் நசுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தேன். (நசுக்குனது வெறுங்காலு. குதிகால்ல இருந்த வெடிப்புக்குள்ள சாறு எறங்கி, ஊரு வர்ற வரைக்கும் எரிச்சல்.)

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனோம். நான் பச்சை வேட்டி, மேலே ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, காலில் செருப்பு இல்லை. கேட்டில் வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து இங்கன எலுமிச்சம்பழம் நசுக்குன ஆளு நீங்கதான?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நெஞ்சில் மாலை கிடக்கிறதே!

"ஆமா சாமி" என்றேன்.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. உள்ளே சிஸ்டர் முன்னால் என் பாரம் இருக்கும். பன்னெண்டாம் வகுப்பு என்று எழுதியிருக்கும். கேட்டால் என்ன சொல்வது? பொய் சொன்னால் விரதம் போச்சு. உண்மையைச் சொன்னால் சீட்டே போச்சு. யு.கே.ஜி.யாவது மிஞ்சும் என்று நினைத்திருந்த எனக்கு அதுவும் மிஞ்சாது போலிருந்தது.

தலைமை சிஸ்டரின் அறையில் சிவப்புத் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் என் ஈரக்கால் தடம் வாசலில் இருந்து நாற்காலி வரை வரிசையாக விழுந்தது. சிஸ்டர் அந்தத் தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்காரச் சொன்னார். ஒண்ணாம் வகுப்பு மிஸ்ஸும் இருந்தார். தேவயானி எங்கள் நடுவில் உட்கார்ந்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பிள்ளையை நாங்க குறை சொல்லக் கூப்பிடலைங்க. வீட்டுல எப்படின்னு தெரிஞ்சுக்கணும்" என்றார் சிஸ்டர், நல்ல தமிழில். பைலைத் திறந்தார். "அப்பா பன்னெண்டாவது படிச்சிருக்கீங்க. தினமும் இங்கிலீஷ் கதை வாசிச்சுக் காட்டுறதாவும் சொல்லியிருக்கீங்க. இப்பவும் வாசிக்கிறீங்களா?"

நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"சார்?"

மனசுக்குள் முருகா முருகா என்றேன். செல்வி என் தொடையில் கிள்ளினாள். நான் மாலையில் இருந்த டாலரைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். மிஸ் சிஸ்டரைப் பார்த்தார். இது குடும்பத்தோடு வந்த வியாதி போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

செல்வி மாலை போடாதவள். அவளுக்கு என்ன தடை?

"அவருக்குத் தொண்டை கட்டிக்கிருச்சுங்க சிஸ்டர். மூணு நாளாப் பேச்சே வரல. பனியில்லீங்களா?"

"இல்ல சாமி" என்று ஒரு குரல் கேட்டது. "காலையில குளிச்சிட்டு முருகன் பாட்டுச் சத்தமாப் பாடுனாங்க. கேட்டுல வாட்ச்மேன் சாமிகிட்டயும் பேசுனாங்க. அம்மாவுக்கு மாலை இல்ல சாமி, அதான் பொய் சொல்றாங்க."

தேவயானி! அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் இரண்டு வாரத்துக்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, பெற்றவளைக் காட்டிக் கொடுத்த பேச்சு. மிஸ் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார்.

சிஸ்டர் குனிந்து மெதுவாகக் கேட்டார். "இவ்வளவு அழகாப் பேசுறியே, வகுப்புல ஏன் பேச மாட்டேங்கிற?"

நாங்கள் கேட்காத கேள்வி.

"நிச்சயமாத் தெரியாததைச் சொன்னா பொய்யின்னு அப்பா சாமி சொன்னாங்க. எனக்கு இங்கிலீஷ்ல சொல்றது உண்மையா பொய்யான்னு தெரிய மாட்டேங்குது சாமி. பேரு கூப்புட்டா என்னமோ சொல்லச் சொல்றாங்க. அது நெசந்தானான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் மனசுக்குள்ள முருகான்னு சொல்லிக்கிறேன்." பிறகு என்னைக் கைகாட்டினாள். "இப்ப அப்பாவும் அதான் சொல்றாங்க."

எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பிள்ளையின் வாயை அடைத்தது கேட்டும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. நான்தான். அந்த வாயால்தான் அவள் இன்றைக்கு என்னையும் இழுத்து நடுவில் விட்டிருக்கிறாள். இனி மூடி என்ன, திறந்து என்ன?

"எட்டாவதுதான் சாமி" என்றேன். "கதையும் வாசிக்கல. வாசிக்கத் தெரியாது சாமி. சீட்டு கிடைக்காதுன்னு பயந்து சொல்லிட்டேன். தப்பு என் மேலதான், பிள்ளைய வெளிய அனுப்பிராதீங்க சாமி."

செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிஸ்டர் பைலை மூடினார். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தபடி இருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பழனி வரை நடந்து திரும்பி வந்த மாதிரி இருந்தது. பிறகுதான் பார்த்தேன், சிஸ்டரின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார்.

"பொய் சொல்ற அப்பாமார் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். பொய் சொல்லக் கூடாதேன்னு ஊமையா உக்காந்த அப்பாவை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றவர், பைலைத் திறந்து என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார். "அதை அடிச்சிட்டு நீங்களே எட்டுன்னு எழுதுங்க. பிள்ளை ஒண்ணாம் வகுப்புலயே இருக்கட்டும். கதை வாசிக்கத் தெரியலைன்னா என்ன, தமிழ்ல கதை சொல்லுங்க. அது போதும்."

பன்னெண்டை அடித்து எட்டு எழுதினேன். அந்த எட்டு பூண்டுப் பல் மாதிரி கோணலாக விழுந்தது.

மிஸ் அதற்குள் தேவயானியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். "இங்க பாரு தேவயானி. நிச்சயமாத் தெரியலைன்னா முன்னாடி 'ஐ திங்க்'னு சேத்துக்கோ. எனக்கு அப்படித் தோணுதுன்னு அர்த்தம். அப்ப அது தப்பா இருந்தாலும் பொய் ஆகாது. சரியா?"

தேவயானி என்னைப் பார்த்தாள். "பொய் ஆகாதா சாமி?"

சொற்பொழிவெல்லாம் எங்கே போனதோ! "ஆகாது சாமி, ஆகவே ஆகாது" என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"உன் பேரு என்ன, இங்கிலீஷ்ல சொல்லு" என்றார் மிஸ்.

"ஐ திங்க் மை நேம் இஸ் தேவயானி" என்றாள் பிள்ளை, மூச்சு விடாமல்.

அன்றைக்குத் திறந்த வாய்தான். திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, ஐ திங்க் டூ ப்ளஸ் டூ இஸ் ஃபோர் என்றாளாம். ஐ திங்க் திஸ் இஸ் எ கவ் என்றாளாம். தைப்பூசத்துக்குப் பழனியில் மாலையைக் கழற்றிய பிறகும் ஐ திங்க் மட்டும் கழலவில்லை. ஊருக்கே தொற்றிக்கொண்டது. கதவைப் பூட்டினீங்களா என்று செல்வி கேட்டால் நான் ஐ திங்க் என்பேன். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் முத்து அண்ணன் வானத்தைப் பார்க்காமலேயே "ஐ திங்க்லே" என்பார்.

இப்போது தேவயானி ஐந்தாம் வகுப்பு. போன மாதம் பெற்றோர் கூட்டம். இந்த வருஷம் புதிதாக வந்த மிஸ். எங்களை முன்பின் தெரியாதவர். சுற்றிலும் இருபது முப்பது அப்பா அம்மாக்கள். நான் செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே போய், கும்பிட்டு நின்றேன். அந்த மிஸ் என்னைப் பார்த்துவிட்டு, மகளிடம் சிரித்தபடி இங்கிலீஷில் கேட்டார். இவர்தான் உன் அப்பாவா என்று. அந்த அளவு இங்கிலீஷ் இப்போது எனக்கும் புரியும்.

"ஐ திங்க்" என்றாள் தேவயானி.

அறை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. செல்விதான் முகமெல்லாம் சிவந்துபோய், அத்தனை பேர் முன்னாலும் மகள் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"அடியே, இது நிச்சயம்டி. தைரியமாச் சொல்லு!"