முன்னால் மட்டுமே போகும் வண்டி

'சக்கர வீடு' மாத இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு,

வடக்கு டகோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற டெல்மார் ஹாகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலமில்லை. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் அட்டைப்படங்களில் எல்லோரும் நலமாகத்தானே இருக்கிறார்கள்.

அந்த அட்டைப்படம்தான் ஐயா என் குடியைக் கெடுத்தது. ஏரிக்கரையில், உள்ளேயே சமைத்துப் படுத்து வாழ்கிற ஒரு வீட்டு வண்டி, அதன் முன்னால் இரண்டு மடக்கு நாற்காலி, அதில் நரைத்த தலையோடு ஒரு கணவனும் மனைவியும், கையில் ஒயின் கோப்பை. அந்த நேரத்தில் வண்டிக் கழிப்பறையின் கழிவுத் தொட்டிக் குழாயை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை உங்கள் புகைப்படக்காரர் காட்டவில்லை. என் மனைவி ஆர்லிஸிடம் அதைக் காட்டி, "இனிமே இப்படித்தான் இருக்கப் போறோம்"னு சொன்னவன் நான்தான். வீட்டை விற்று அப்படியொரு வண்டி வாங்க முடிவு செய்தோம்; அவள் தன் சாப்பாட்டு மேசையை மட்டும் விற்க வேண்டாம் என்றாள். எட்டுப் பேர் உட்காரும் மேசை, வண்டிக்குள் எங்கே வைப்பது? வீட்டோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டோம். வண்டியில் இருக்கும் மேசையை மடக்கினால்தான் கட்டில், கட்டிலை மடக்கினால்தான் மேசை. ஒருவர் தூங்கினால் இன்னொருவர் பட்டினி. மழை பெய்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வாழ்க்கை முழுக்கக் குடும்பம் நடத்தியும் நாங்கள் பழகாத வேலை அது.

இதெல்லாம்கூடப் போகட்டும். இந்தப் பின்னால் எடுக்கிற சங்கதி இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். பள்ளிப் பேருந்தை நாங்கள் பின்னால் எடுக்கவே மாட்டோம். பின்னால் பிள்ளை நிற்கலாம் என்று அப்படி ஒரு விதி. அதனால்தான் என் வேலைக்காலம் முழுக்க வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓய்வு பெற்றேன். ஆனால் வீட்டு வண்டிகள் தங்கும் முகாம்களில் உள்ள இடமெல்லாம் பின்னால் எடுத்து நுழைகிற இடம். புது வண்டி வருகிற சத்தம் கேட்டால் போதும், முகாமே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, கையில் பீரோடு வந்து உட்கார்ந்துவிடும். மனைவி பின்னால் நின்று கை காட்ட வேண்டும் என்று உங்கள் பத்திரிகை படம் போட்டு எழுதியிருந்தது. ஆர்லிஸ் அதை வேதம் மாதிரி படித்து, "கண்ணாடியில நான் தெரியலைன்னா உடனே நிறுத்திடணும், சரியா?" என்று ஒவ்வொரு ஊரிலும் எனக்குப் பாடம் நடத்துவாள். நானும் தலையாட்டுவேன்.

அரிசோனா முகாமில் அவள் கண்ணாடியில் தெரியவில்லை. நகர்ந்து நிற்பாள் என்று நினைத்து நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். வெர்னன் என்ற பக்கத்து இடத்துக்காரர், "வலது பக்கம் ஒடி"னு கத்துகிறார். அவர் மனைவி லொரெய்ன், "இல்ல, இடது"ங்கிறாள். இந்தக் கூச்சலில் ஆர்லிஸ் குரல் எனக்கு எப்படிக் கேட்கும்? பின்னால் ஒரு மரம் இருந்திருக்கிறது. வண்டியின் பின்புறம் கூரைக்கு ஏறும் ஏணி நசுங்குகிற சத்தம் கேட்டு இறங்கி ஓடினேன். ஆர்லிஸ் வண்டிக்குத் தப்பித் தாவி, கள்ளிப் புதரில் கிடந்தாள்.

இப்போது நீங்களே நியாயம் சொல்லுங்கள். நான் முதலில் ஏணியைப் பார்த்தேன். அவள்தான் எழுந்து உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தாளே, அதிலிருந்தே நன்றாக இருக்கிறாள் என்று தெரியவில்லையா? வண்டிக்கு வாய் இல்லை, அதை நாம்தான் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதற்கு நாற்காலிக்காரர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. லொரெய்ன் இடுக்கியோடு உட்கார்ந்து ஆர்லிஸின் முழங்கையில் முள் எடுத்தாள். நான் கிட்டே போனபோது ஆர்லிஸ், "முள்ளு எடுக்கறவங்க எடுக்கட்டும். நீங்க போய் ஏணியத் தடவிக் குடுங்க" என்றாள்.

மறுநாளே முகாம் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தங்குவதற்கு, காரில் கட்டி இழுத்துப் போகிற பழைய வீட்டு வண்டி ஒன்றும் கொடுத்துவிட்டார்கள். சரி, நான் கிளம்பினால் பின்னாலேயே ஓடி வருவாள் என்று நினைத்து, கோபமாக வண்டியை எடுத்தேன். வாசல் வரைக்கும் மெதுவாகத்தான் போனேன். அவள் ஓடி வரவில்லை. வெர்னன்தான் வந்து, "கதவு சரியா மூடல"ன்னு சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் பின்னால் எடுக்கவே இல்லை. முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிற இடமாகப் பார்த்துத் தங்குகிறேன். அப்படி இடம் கிடைக்காவிட்டால் கடைகளின் வாகன நிறுத்தத்தில் தூக்கம். கட்டில் முழுவதும் எனக்குத்தான், ஆனாலும் தூக்கம் வரவில்லை. அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை என்பதை அச்சில் போட்டுவிடாதீர்கள். இன்று அரிசோனா முகாமுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு காட்டுப் பாதையில் நுழைந்தேன். அது போய் ஒரு பூட்டிய மாட்டு வேலிக் கதவில் முடிந்துவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், திரும்ப வழியில்லை. இந்தக் கடிதத்தை அங்கிருந்துதான் எழுதுகிறேன். தொலைபேசியில் சிக்னல் வேண்டுமானால் கூரைமேல் ஏற வேண்டும். ஏறுவதற்கு இருப்பதோ அந்த நசுங்கிய ஏணி.

ஆகவே, மனைவியைப் பின்னால் நிற்கச் சொன்னது உங்கள் பத்திரிகையின் தவறுதான் என்று அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் அச்சிடவும். என் சந்தாவை ரத்து செய்யவும். நீங்கள் எழுதினால் அவள் நம்புவாள், வண்டிக்குத் திரும்பி வருவாள். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

தங்கள் பத்திரிகை ஓங்கட்டும், தங்கள் வீட்டு மேசை நான்கு காலில் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
டெல்மார் ஹாகன்

பி.கு.: கூரைமேல் ஏறி ஆர்லிஸுக்குப் போன் செய்தேன்.

"ஆர்லிஸ், பாதை முடிஞ்சு போச்சு."

"திரும்பி வாங்க."

"திரும்ப எடமில்ல. பின்னாலதான் எடுக்கணும்."

"எங்க இருக்கீங்க?" என்றாள். வெர்னனின் வண்டியில் வந்து இறங்கினாள். "முழங்கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "இப்பதான் ஞாபகம் வந்துதா? ஏறுங்க. கண்ணாடியில நான் தெரியலைன்னா?" என்றாள். நிறுத்திவிடுவேன் என்றேன். அந்தப் பாதை முழுக்க அவள் பின்னால் நடந்தபடியே கை காட்டிக்கொண்டு வந்தாள். நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவளை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை ஐயா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தார்ச் சாலைக்கு வந்ததும் கதவைத் திறந்துவிட்டேன். அவள் ஏறவில்லை. "அதுல நான் வர்றதா இல்ல. முகாம்ல என் பக்கத்து எடம் காலியா இருக்கு. வேணும்னா வந்து நில்லுங்க. பின்னால எடுத்துத்தான் நுழையணும்."

"நீ கை காட்டுவியா?"

"நாற்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பார்ப்பேன். லொரெய்னும் வர்றேன்னு சொல்லிட்டா."

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். சந்தாவையும் நிறுத்த வேண்டாம். யாரும் கை காட்டாமல் ஒரு ஆள் தனியாகப் பின்னால் எடுப்பது எப்படி என்று எந்த இதழிலாவது எழுதியிருந்தால், அதை அவசரமாக அனுப்பி வைக்கவும். நான் முகாம் வாசலில் நிற்கிறேன். அவள் நாற்காலியை விரித்துவிட்டாள்.