பூசணிக்காய்க்கு முன்னால் மண்டியிட்டவர்

தொண்ணூறுகளில் ஆக்லாந்திலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஆசீர்வாதம் வாங்காத பசு என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் எங்கள் யாத்திரை அண்ணையின் கைங்கரியம். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜன்னல் வழியே சிலுவை போட்டபடியே வேனை ஓட்டுவார். ஆடுகளை மட்டும் விட்டுவிடுவார். "ஆடுகள் ஏற்கெனவே ஆண்டவரின்ர ஆக்கள், தம்பி. மாடுகளுக்குத்தான் ஒருத்தருமில்லை" என்பார்.

யாத்திரை அண்ணை இலங்கையில் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். ஆக்லாந்துப் புறநகரான மனுரேவாவில் நானும் அவரும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஆளுக்கொரு அறையில் குடியிருந்தோம். அவர் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் ஒரு கிடங்கில் அந்த மாதிரிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் எனக்குப் பிரகதீஸ்வரன் என்று பெயர். கிடங்கில் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு 'ஃபிரெட்' என்று வைத்துவிட்டார்கள். அண்ணைக்கு நான் எப்போதும் 'தம்பி'தான். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பதில் சந்தேகமே இல்லை. குடிவந்த முதல் வாரம் கேட்க மறந்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற மனிதரிடம், "ஆமா, உங்க பேர் என்ன?" என்று எப்படிக் கேட்பது?

அவருடைய மனைவி அருள்மேரி, சண்டையில் வீட்டை விட்டு ஓடி, மடு மாதா கோயில் வளாகத்தில் அகதியாக இருந்தார். விசாவுக்கு மனுப் போட்டாயிற்று. ஆனால் காட்டைத் தாண்டி, சென்றி என்கிற ராணுவக் காவல்சாவடிகளைத் தாண்டி அவர் கொழும்பு வந்து சேர வேண்டும். எப்போதாவது அந்தப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்த யாராவது போன் செய்து, "அவ இருக்கிறா" என்று மட்டும் சொல்வார்கள். அண்ணை, "சரி, சந்தோசம்" என்று ரிசீவரை வைத்துவிட்டு வெகுநேரம் அதன் பக்கத்திலேயே நிற்பார்.

அதனால்தான் நேர்த்தி வைத்தார். மனைவி வந்து சேரும்வரை மாதம் ஒரு யாத்திரை. மடுவுக்குப் போக முடியாதவர் எங்கே போவது? "ரோட்டெல்லாம் மாதாவின்ர ரோட்டுத்தான்" என்று தெற்கே வேனைத் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் யாத்திரை அண்ணை.

நான் முருகனைக் கும்பிடுகிறவன். எனக்கும் இந்த யாத்திரைக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆனால் சனிக்கிழமை மதியம் மனுரேவாத் தெருவில் நடந்தால் புல் வெட்டும் மிஷின் சத்தம் கேட்கும், மனிதக் குரல் கேட்காது. அந்தச் சனிக்கிழமைகளுக்குப் பயந்துதான் வேனில் ஏறினேன்.

ஏறினேன் என்றால், பின் சீட்டில். முன் சீட்டு மாதாவுக்கு. முழங்கால் உயரச் சுரூபத்தை அங்கே நிறுத்தி சீட் பெல்ட் போட்டிருப்பார். ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் எங்களை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். முன்னால் மாதா பெல்ட்டுடன் இருந்தார், பின்னால் நான் பெல்ட் இல்லாமல் இருந்தேன். அபராதம் எனக்குத்தான். அண்ணை வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார்.

"மாதாவே பெல்ட் போட்டிருக்கிறா. உமக்கு என்ன கேடு?"

யாத்திரைக்குச் சட்டம் உண்டு. மடுவுக்கு வண்டி கட்டிப் போகிறவர்கள் அறை எடுப்பதில்லை. வழியில் எந்த வீடு வருகிறதோ அங்கே தண்ணீர் கேட்பார்கள். படுக்க இடம் கிடைத்தால் படுப்பார்கள், கொடுத்ததைச் சாப்பிடுவார்கள். அதே சட்டத்தை அண்ணை நியூசிலாந்துக்கும் அமல்படுத்தினார்.

"அண்ணே, மழை ஊத்துது. அங்க பாருங்க, மோட்டல் போர்டு."

"மோட்டலில படுத்தால் அது டூர், தம்பி. யாத்திரை இல்லை."

ஆகவே கதவு தட்டினோம். முதல் வீட்டில் நாய் வந்தது. அடுத்த வீட்டில் திரை மட்டும் அசைந்தது. அதற்கடுத்த வீட்டுக்காரர் அண்ணையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையைத் திறந்துவிட்டார். அவர் மனைவி சூப் கொண்டுவந்தாள். குடித்து முடித்ததும் அண்ணை எழுந்து நின்று, தன் தொழிற்சாலை இங்கிலீஷில் ஒரே ஒரு உதவி கேட்டார். என் மனைவியின் பெயரை ஒருதரம் சத்தமாகச் சொல்லுங்கள், சாமி கும்பிடாவிட்டாலும் பரவாயில்லை, சொன்னால் போதும் என்றார்.

எந்த வீட்டிலும் அவர் கேட்டது அது ஒன்றைத்தான். வாய்க்கு வாய் 'அருள்மேரி' உருமாறியது. ஒருவர் 'அரோமரி' என்றார், ஒரு கிழவி 'ஆல்மெரி' என்றாள். அண்ணை விடமாட்டார். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லவைத்து, சரியாக வந்த பிறகுதான் வேனைக் கிளப்புவார்.

"இவங்கள்லாம் சொன்னா என்ன ஆகும்ணே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நான் ஒருத்தன் சொன்னால் ஆண்டவருக்குப் பழகின குரல். கேட்டுக்கொண்டே நித்திரை கொண்டிடுவார். புதுக் குரல் கேட்டால் திரும்பிப் பார்ப்பார்."



அந்த ரோட்டில் தோட்டக்காரர்கள் சிலர் வாசலில் ஒரு பலகையைப் போட்டு முட்டை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் வைத்திருப்பார்கள். ஆள் இருக்க மாட்டார்கள். பக்கத்தில் துளை போட்ட தகரப்பெட்டி இருக்கும். காசைப் போட்டுவிட்டுச் சாமானை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல்முறை அதைப் பார்த்ததும் அண்ணை போட்ட பிரேக்கில் நான் போய் மாதாவின் சீட்டில் முட்டினேன்.

"தண்ணீர்ப்பந்தல்! யாத்திரைக்காரருக்கு வைச்சிருக்கினம்! பாரும், காணிக்கைப் பெட்டியும் இருக்கு!"

இறங்கிப் பெட்டியில் சில்லறையைப் போட்டார். பூசணிக்காய்களுக்கு முன்னால் ஈரப் புல்லில் மண்டியிட்டுச் செபமாலையை எடுத்துவிட்டார். செபமாலை என்றால் முழுசும். பாதியில் வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஒற்றை ஆளாய் வாழ்கிற கிழவர், கையில் மண்வெட்டி.

"அந்த மனுஷனுக்கு நெஞ்சு வலியா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லைங்க. கும்பிடுறார்."

"என் பூசணிக்காயையா?"

விஷயத்தை விளக்கினேன். பிறகு அண்ணையிடம், "இது கடைண்ணே, பந்தல் இல்ல" என்றேன். அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"கடையெண்டால் ஆள் இருக்கோணும், தம்பி. ஆளில்லாத இடத்தில ஆரை நம்பிச் சாமானை வைச்சவர்? சொல்லும்."

அதைக் கிழவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். "இத்தனை வருஷமா அதை நான் யோசிச்சதே இல்ல" என்று சொல்லி எங்களை டீ குடிக்க உள்ளே கூட்டிக்கொண்டு போனார். 'அருள்மேரி' அவருக்கு மூன்றாவது தடவையில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மாதாமாதம் எங்கள் வேனுக்காக அவர் வாசலில் காத்திருந்தார். ஊரில் எத்தனையோ பேருக்குச் சனிக்கிழமை நீளமாகத்தான் இருக்கும்போல.

செபத்தின் நீளத்தில் அண்ணை தோற்றது ஒரே ஓர் இடத்தில். ரோட்டோருவா பக்கம் பூமியே புகையும், சேறு தளதளவென்று கொதிக்கும். "நரகத்தின்ர குசினி வாசல்" என்று சிலுவை போட்டுக்கொண்ட அண்ணை, ஆவி பறக்கும் ஒரு தொட்டியைப் பார்த்ததும், துணியில் கட்டிய அரிசியை அதற்குள் இறக்கப் போனார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மாவோரி அம்மாள் கூவிக்கொண்டே ஓடிவந்தாள். அது அவர்கள் குடும்பத்தோடு குளிக்கிற தொட்டியாம். வசமாக மாட்டினோம் என்று நினைத்தேன். அவள் அரிசி மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் பூமி ஆவியில் வேகவைத்து, கறியும் கிழங்கும் சேர்த்துத் தட்டில் வைத்தாள். அண்ணை சாப்பாட்டுச் செபத்தைத் தொடங்கி, தன் வழக்கப்படி நீட்டி முழக்கி, மனைவி பெயரைச் சொல்லி முடித்தார். அவள் 'ஆமென்' சொல்லிவிட்டுத் தன் மொழியில் தன் செபத்தைத் தொடங்கினாள். சோறு ஆறிப்போயிற்று. இருந்தாலும் அந்த நீளமான செபத்தின் கடைசியில், ஒரு பிசிறும் இல்லாமல், 'அருள்மேரி' என்று கேட்டது. அண்ணை தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நான் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மழைக்காலம் முழுவதும் போனே வரவில்லை. "இருக்கிறா" என்று சொல்லவும் ஆளில்லை. அண்ணை பசுக்களுக்குச் சிலுவை போடுவதை நிறுத்திவிட்டார். ஆனால் யாத்திரையை நிறுத்தவில்லை. இருவரும் பேசாமலே போய், பெயரைச் சொல்லவைத்துவிட்டுப் பேசாமலே திரும்பினோம்.

கடைசியில் போன் அடித்தபோது ரிசீவரை எடுத்தது நான். கொழும்பிலிருந்து ஒரு பெண் குரல், "அவர் இருக்கிறாரோ?" என்றது. அருள்மேரி அக்காவேதான்.

விசா கைக்கு வந்து, அவர் விமானம் ஏறி வந்து சேர்ந்த அடுத்த சனிக்கிழமையே நன்றி யாத்திரை. அக்காவுக்கு இரண்டு ஸ்வெட்டர், முன் சீட்டு. மாதா பின்னால் என் மடிக்கு வந்துவிட்டார். பதவியிறக்கம் செய்யப்பட்ட இருவரும் ஒன்றாகப் பெல்ட் போட்டுக்கொண்டோம். அக்கா அண்ணையை "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிட்டார், எங்கள் ஊர் 'என்னங்க' மாதிரி. பெயர் கிடைக்கும் என்று நான் வைத்திருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று. அவர்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இனி யாத்திரை இல்லை, இனி அந்த வீட்டில் எனக்கு இடமும் இல்லை என்று பின் சீட்டில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பூசணிக்காய்க் கிழவர் வேனைக் கண்டதும் "அருள்மேரி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அக்கா நடுங்கிவிட்டார். "இஞ்சேருங்கோ, இந்த வெள்ளைக்காரனுக்கு என்ர பேர் எப்பிடித் தெரியும்?"

கிழவர் அவர் கையைப் பிடித்து ஆட்டிவிட்டு, அண்ணையிடம் கொஞ்சம் சங்கடத்தோடு கேட்டார். "இவங்கதான் வந்துட்டாங்களே. இனிமே நான் யார் பேரைச் சொல்றது? பழகிப்போச்சு."

அண்ணை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வேனுக்குள் என்னைக் காட்டி, "பிரகதீஸ்வரன்" என்றார். ஓர் எழுத்து பிசகவில்லை. "மனிசன் தனிச்சுப்போனான். வடிவாய்ச் சொல்லோணும்."

கிழவர் திக்கினார், திணறினார், மறுபடி தொடங்கினார். அண்ணை விடவில்லை. மழைத் தூறலில், பூசணிக்காய்களுக்கு முன்னால், இந்த நாட்டுக்கு வந்தபின் முதல்தடவையாக என் முழுப் பெயரை இரண்டு பேர் மாறி மாறிச் சத்தமாகச் சொல்வதை, மாதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அண்ணையும் அக்காவும் பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். நான் இங்கேதான் இருக்கிறேன். தெற்கே போகும்போதெல்லாம் அந்தப் பூசணிக்காய் வாசலில் காரை நிறுத்தி, ஒருவரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பெயரைச் சத்தமாகச் சொல்கிறேன். யாத்திரை அண்ணை.