உஷார் சாருக்கு எத்தனை பிறந்தநாள்?

கம்பெனிகளை நம்பாதவர் என்று மனிதரில் ஒரு தனி இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. அவரே வந்து, நீங்கள் ஆசையாக வாங்கிய புது செல்போனைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டு, "போச்சு" என்பார். என்ன போச்சு என்று கேட்டீர்களோ, அன்றைய சாயங்காலம் போச்சு.

அந்த இனத்தில் கலப்படமே இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தெருவில் அவருக்கு உஷார் சார் என்று பெயர். கண் பரிசோதனைக்கு வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான இரும்பு வட்டச் சட்டத்தை மூக்கில் ஏற்றி, ஒவ்வொரு வில்லையாகச் செருகிச் செருகி எடுத்தபடியே பேச்சைத் தொடங்குவார். மூக்கில் அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு யாரால் எழுந்து ஓட முடியும்?

"இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?"

"இதுதான் சார்."

"இது தெரியுது. உங்க போன் நீங்க பேசறதை எல்லாம் ஒட்டுக் கேக்குறது மட்டும் தெரியலையா?"

அவருடைய போனின் கேமராக் கண்மீது கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். டிவியை அணைத்தால் மட்டும் போதாது, அதன்மேல் துண்டைப் போர்த்திவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். மூளை வெந்துவிடும் என்று போனைக் காதருகே கொண்டுபோக மாட்டார், எப்போதும் ஸ்பீக்கர்தான். ஆகையால் அவர் வீட்டு ரகசியம் எந்தக் கம்பெனிக்கும் தெரியாது, தெரு முழுக்கத் தெரியும். சலவை மெஷினோடு வந்த நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவேன் என்று அவர் உட்கார, வாளியில் ஊறிய துணியை மனைவி கையாலேயே துவைத்துக் காயப்போட்டு, மடித்தும் வைத்துவிட்டார். அந்த அம்மாளின் பாதுகாப்புக்காக அவர் வாங்கிக் கொடுத்திருப்பது, படம் கிடம் எதுவும் வராத பட்டன் போன்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. அவருடைய பெரிய சாதனை பிறந்தநாள். எந்தக் கம்பெனி பிறந்த தேதியைக் கேட்டாலும் ஒரு பொய்த் தேதி கொடுப்பார். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பொய். "எவன் என் விவரத்தை வித்தான்னு தேதியை வச்சே பிடிச்சிடுவேன்ல?" என்பார். வருஷத்தை மட்டும் மாற்ற மாட்டார். மூத்தோர் சலுகை போய்விடுமே! இதனால் செருப்புக் கம்பெனி கோடையில் வாழ்த்தும், காப்பீட்டுக் கம்பெனி மழையில் வாழ்த்தும், உண்மையில் அவர் பிறந்த நாளன்று மட்டும் ஒரு கம்பெனியும் மூச்சு விடாது. அன்று முழுவதும் வெற்றிச் சிரிப்போடு உலவுவார்.

அவர் சொல்வதில் தப்பு உண்டா என்றால், அதுதான் இல்லை. வாங்கும்வரை "வாங்க சார், உட்காருங்க சார்". வாங்கிய மறுநாள் "எண் ஒன்றை அழுத்தவும்". உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்களே, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நாம் இப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால் மரியாதை மிஞ்சுமா? உஷார் சார் கேட்பது நியாயமான கேள்விதான். கேட்கிற நேரம்தான் கொஞ்சம் இடிக்கும்.

அப்படித்தான் அன்றைக்கும் இடித்தது. தூர தேசத்தில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. எடை குறைவு என்பதால் குழந்தையைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். "மதியம் கொஞ்ச நேரம் அவ கையில குடுப்பாங்க மாமா. அப்ப வீடியோவுல கூப்பிடறேன், ரெண்டு பேரும் பாத்துடுங்க. அதுக்கப்புறம் சில நாளைக்கு உள்ளே போனே விடமாட்டாங்க" என்று மாப்பிள்ளை காலையிலேயே சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் உஷார் சார் மனைவியிடம், "ஒரு தொட்டில் வாங்கி அனுப்பணும்" என்றார். சொல்லி வாயை மூடவில்லை, போனில் தொட்டில் விளம்பரம் வந்து ஆடியது.

அவ்வளவுதான். "கேட்டியா, கேட்டுட்டே இருந்திருக்கான்!" என்று குதித்தவர், கோபத்தில் போனில் இருந்த சகலத்தையும் துடைத்து அழித்துவிட்டார். உள்ளே இருந்த உளவாளி ஒழிந்தான். அவனோடு சேர்ந்து வீடியோ அழைப்புக்கான செயலியும் ஒழிந்தது.

மதியம் மனைவி சமையலைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்து, பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். செயலியைத் திரும்ப ஏற்றியபோது அது முதலில், நீங்கள் மனிதர்தானா என்று கேட்டது. ஒரு படத்தைக் காட்டி, அதில் போக்குவரத்து விளக்குள்ள கட்டங்களைத் தொட்டு நிரூபிக்க வேண்டுமாம்.

"விளக்கோட கம்பமும் விளக்குல சேத்தியா?" என்று அவர் போனிடமே கேட்டார். அது பதில் சொல்லாமல், மீண்டும் முயலவும் என்றது.

"என்னங்க, அந்த ஓரத்துல ஒண்ணு இருக்கு பாருங்க" என்றார் மனைவி.

"எனக்குத் தெரியாதா?" தெரியவில்லை. ஊருக்கே கண் பார்க்கிறவர்!

"பக்கத்துக் கடையில ஒரு போன் கேட்டு வாங்கட்டுமா?"

"அடுத்தவன் போன்லயா என் பேத்தி மொகம் வரணும்?"

செயலிக் கம்பெனியின் உதவி எண்ணுக்கே போட்டார். பாட்டெல்லாம் கேட்டு முடித்தபின் ஒரு பெண் குரல் வந்தது. "பிறந்த தேதி சொல்லுங்க சார்."

பதற்றத்தில் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்.

"தப்புன்னு காட்டுதே சார்."

"நான் பொறந்த தேதிம்மா அது!"

"இருக்கலாம் சார். எங்ககிட்ட நீங்க வேற தேதியில பொறந்திருக்கீங்க. இன்னும் ஒரு தடவைதான் சொல்லலாம். தப்பாப் போனா ஒரு வாரத்துக்குப் பூட்டிக்கும்."

உஷார் சார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எந்தக் கம்பெனிக்கு எந்தப் பொய்? பேத்தியின் முகம் இப்போது ஒரு பொய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

"நம்ம கல்யாண நாளுக்கு மறுநாள்" என்றது நாற்காலி.

"என்னது?"

"இந்தக் கம்பெனிதாங்க. கல்யாண நாளன்னிக்கு நீங்க வாயே திறக்கல. மறுநாள் காலையில உங்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துன்னு டிங்குனு வந்துச்சு. எனக்கு மறக்குமா அது?"

உஷார் சார் முகம் மலர்ந்தது. பெருமையாகப் போனை நோக்கி வாயைத் திறந்தார். மூடினார். கல்யாண நாள் என்றைக்கு?

மனைவி தலையில் அடித்துக்கொண்டு எழுந்து வந்து, தேதியைத் தானே சொன்னார்.

"சரியா இருக்கு மேடம். கடைசியா ஒரே ஒரு கேள்வி. சார் முதல்ல வளர்த்த நாயோட பேர் என்ன?"

அவர் நாயே வளர்த்ததில்லை. ஆனால் இந்தப் பொய் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஏனென்றால் அதை மிகவும் ரசித்து எழுதியிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "வேற கேள்வி இல்லையாம்மா?"

"இல்ல சார்."

சொன்னார். ஸ்பீக்கர் போட்ட கடையில் அது கணீரென்று கேட்டது. அந்தப் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. அது அந்த அம்மாளின் ஒரே தம்பியின் பெயர்.

"அழகான பேர் சார்" என்று பாராட்டிவிட்டு அந்தப் பெண் செயலியின் பூட்டைத் திறந்துவிட்டார். கேமராவைப் பயன்படுத்தலாமா, மைக்கைப் பயன்படுத்தலாமா, நீங்கள் இருக்கும் இடம் தெரியலாமா, உங்கள் சொந்தபந்தத்தின் எண்கள் எல்லாம் வேண்டுமே என்று செயலி வரிசையாகக் கேட்டது. உஷார் சார் ஒரு எழுத்தும் படிக்காமல், "சரி, சரி, எடுத்துக்கோ, எல்லாத்தையும் எடுத்துக்கோ" என்று குத்திக்கொண்டே மறுகையின் நகத்தால் கேமராவின் டேப்பைக் கிழித்தார். போன் அலறியது.

திரையில் ஒரு குட்டி முஷ்டி தெரிந்தது. அப்புறம் இறுக மூடிய இரண்டு கண்கள். "தாத்தாவைப் பாருடி தங்கம்" என்றவர் வாய்விட்டு அழுதுவிட்டார். மகள் அங்கே சிரித்துக்கொண்டே அழுதாள்.

மனைவி திரையை உற்றுப் பார்த்தார். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "மூக்கு அப்படியே என் தம்பி மூக்கு."

"ஆமாமா, அதே மூக்குதான், அம்சமா இருக்கு" என்று உஷார் சார் அவசரமாக ஒப்புக்கொண்டார். நிபந்தனை எதுவும் கேட்கவில்லை. பேசி முடித்ததும் எங்கள் சேவை எப்படி என்று கம்பெனி கேட்டதற்கு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லா நட்சத்திரத்தையும் கொடுத்தார்.

இத்தனை நேரம் சிரித்துக்கொண்டே படித்த உங்களுக்கு ஒரு சின்னச் சோதனை. ஒரு நல்ல மனிதரை இப்படிக் கேலி செய்கிறானே, இதை எழுத இவனுக்கு எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்திருக்கும் என்று நடுவில் ஒரு தடவையாவது உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், உங்கள் தெருவிலும் உங்களுக்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. உங்கள் காதுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.